ஐகான் இல்லாத செயலி

ஜூன் 2, திங்கள்

ரெஜினா மேடம் இன்று டீமில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். அன்றன்றைய வேலையை அன்றன்றே கையால் எழுத வேண்டுமாம். "கம்ப்யூட்டர்ல எழுதினா எழுதினவங்களே திரும்பப் படிக்கறதில்ல" என்றார். ஆள் வேலையை விட்டுப் போனால் அவர் கற்றதெல்லாம் கூடவே போய்விடுகிறது என்பது மேடத்தின் நெடுநாள் குறை. எனக்கு ஆவணியில் கல்யாணம். முதல் நோட்டு என் மேஜைக்குத்தான் வந்தது. கேட்டால் தற்செயல் என்பார்.

சரி, வேலை. கோயமுத்தூரிலும் பாலக்காட்டிலும் கிளை வைத்திருக்கிற ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நாங்கள் செயலி செய்து கொடுக்கிறோம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற பெண்கள் கையில் ஒரு கருவி இருக்கும். போன் மாதிரிதான், கொஞ்சம் தடிமன். எந்தக் குப்பியில் யாருடைய ரத்தம் என்பதை அதில்தான் பதிவார்கள். கருவி மக்கர் செய்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். "என்ன மாடலுங்க?" என்று கேட்டால் "கறுப்புக் கலருங்க" என்று பதில் வரும். இனி அவர்களைக் கேட்க வேண்டாம், கருவியே தன் விவரத்தைச் சொல்லட்டும் என்று முடிவாகியிருக்கிறது. மாடல், ஆண்ட்ராய்டு வெர்ஷன், பேட்டரி, மீதமிருக்கும் இடம், எங்கள் செயலி என்றைக்குப் போடப்பட்டது என்று எல்லாவற்றையும் விசாரித்து சர்வருக்கு அனுப்பும் நிரலை நான் எழுத வேண்டும்.

எனக்குப் பின்னால் இந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு முதல் குறிப்பு: கருவியின் சீரியல் நம்பரை நம்பி எதையும் கட்டாதீர்கள். புது ஆண்ட்ராய்டு அதைச் சாதாரணச் செயலிக்குக் கொடுக்காது. முதல் தடவை திறக்கும்போது நாமே ஓர் அடையாள எண்ணை உண்டாக்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

வடவள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா ஸ்கூட்டரோடு வந்து நின்றார். நான் காலைத் தரையில் வைக்கிறேன், அவர் பிரேக் பிடிக்கிறார். பஸ் ஒரு நாள் முந்தி வரும், ஒரு நாள் பிந்தி வரும். அப்பா தப்பவே மாட்டார். மில்லில் ஷிப்ட் பார்த்தே வாழ்ந்தவர், நேரம் உடம்பில் ஊறிவிட்டது.

இது வேலைக் குறிப்பு இல்லை. மேடம் படித்தால் சிரிக்கட்டும்.

ஜூன் 4, புதன்

போன் மதியத்துக்குள் செத்துப்போகிறது. நிச்சயத் தட்டில் வந்த போன், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எங்கள் பக்கம் இப்போதெல்லாம் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்யும் அன்று, தட்டில் பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் ஒரு போன் இருந்தாக வேண்டும். கல்யாணத்துக்குள் பேசிப் பழகட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுப்பது. என் சித்தப்பா மகளுக்கு வந்த போனைச் சொந்தபந்தம் முழுவதும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. எனக்கு வந்தது அதைவிட உசத்தி. சித்தி முகத்தை நான் பார்க்கத் தவறவில்லை.

கொடுத்தவர் கௌரிசங்கர். கணபதியில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். பேச்சு கம்மி. போன் கொடுத்தவர் அதில் பேசவும் செய்யலாம் என்று ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டு, "சாப்டியா?" என்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. அதை எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பேட்டரி கதையைச் சொன்னதும் அப்பா அன்றைக்கே ஒரு பவர் பேங்க் வாங்கிவந்துவிட்டார். "எங்க இருந்தாலும் சார்ஜ் மட்டும் தீரக் கூடாதம்மணி" என்றார். அம்மா ஏனோ எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 7, சனி

ஆபீஸ் அரைநாள். யாரிடமும் சொல்லாமல் கிராஸ்கட் ரோட்டுக்குப் போய் சங்கருக்கு ஒரு சட்டை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன் பெண் எடுத்துக் கொடுத்தால் அம்மா ஆயிரம் சொல்லுவாள். அதனால் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சங்கர் கூப்பிட்டார். "கிராஸ்கட் ரோட்ல என்ன வாங்கினே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்று சிரித்தார்.

யாராவது பட்டறை ஆள் பார்த்திருப்பான். மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. நம்மையே நினைத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு மூக்கில் வேர்த்துவிடும் போலிருக்கிறது. சட்டை ரகசியம் மட்டும் தப்பியது.

ஜூன் 10, செவ்வாய்

மேடம் புதிதாக இரண்டு வேலை கொடுத்தார். கருவி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். ரத்தம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு யாராவது தங்கள் வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறார்களா என்று நிலையத்துக்காரர்கள் பார்க்க விரும்புகிறார்கள். அடுத்தது, வேறு என்ன செயலியெல்லாம், எங்கிருந்து, என்றைக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்ற முழு விவரம்.

"அவங்களுக்குச் சொல்லணுமா மேடம்?"

"சொன்னா ஆஃப் பண்ணிடுவாங்க வாணி."

அதுவும் நியாயம்தான். அதோடு, வேலை சுவாரசியமாக இருக்கிறது. புது ஆண்ட்ராய்டில் ஒரு செயலி மற்றச் செயலிகளைச் சுலபமாகப் பார்க்க முடியாது. அதற்குத் தனியாக அனுமதி எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் பிழை என்று எதுவும் வராது, பாதி விவரம் மட்டும் வரும். முழுதும் வந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று. செயலிகளை ஐகானைப் பார்த்து எண்ணாதீர்கள். ஐகான் இல்லாமலும் செயலி இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

ஆபீஸில் சோதனைக்கு வைத்திருக்கும் கருவிகள் எல்லாம் பழசு. புது ஆண்ட்ராய்டில் நிரல் ஓடுகிறதா என்று பார்க்க என் போனிலேயே போட்டு ஓட்டினேன். நன்றாகவே ஓடியது. மாடல் சரி, வெர்ஷன் சரி. செயலிகளின் பெயர்களை விரலால் தள்ளிக்கொண்டே போனேன். 'சிஸ்டம் சர்வீஸ்' என்று ஒன்று வந்தது.

அதைத் தாண்டிப் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்தேன். பெயரில் சிஸ்டம் இருக்கிறது, ஆனால் சிஸ்டத்தோடு வந்ததா என்ற இடத்தில் இல்லை என்று காட்டுகிறது. எங்கிருந்து இறக்கியது என்ற இடத்தில் செயலிக் கடையின் பெயர் இல்லை. யாரோ கையால் போட்டிருக்கிறார்கள். ஐகான் கிடையாது. அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அனுமதிகள்: இருக்கும் இடம், மைக், அழைப்புகள், மெசேஜ்.

என் நிரலில்தான் பிழை என்று நினைத்தேன். பிழையாக இருக்க வேண்டும் என்று மருதமலை முருகனையே வேண்டிக்கொண்டேன். நான் எழுதிய நிரலில் பிழை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. திரும்ப ஓட்டினேன். அதே வந்தது.

போட்ட நாள்: மே 17.

நிச்சயம் மே 18.

பக்கத்து சீட் பெண், "ஏன் வாணி, முகமெல்லாம் வேர்க்குது?" என்றாள். ஏசி பத்தவில்லை என்றேன். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கையில் போன் இருந்தது. அதை வாஷ் பேசின் மேல் வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மைக். ஒரு மாதமாக நான் பேசியதெல்லாம். அம்மாவிடம் மாதவிலக்கு வலியைச் சொன்னது, சித்தியைத் திட்டியது, குளித்துக்கொண்டே பாடியது எல்லாம்.

நிச்சயத்துக்கு முதல் நாள் அந்த போன் யார் வீட்டில் இருந்தது? தட்டு யார் வீட்டிலிருந்து வந்தது? கிராஸ்கட் ரோடு அவருக்கு எப்படித் தெரிந்தது?

எழுதவே கை வரவில்லை. சங்கர்.

ஜூன் 13, வெள்ளி

"சாப்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டேனா இல்லையா என்பது அவருக்குத் தெரியாதா?

ஜூன் 14, சனி

அதை அழிக்கவில்லை. அழித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்று ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னேன். நான் எடுத்துக் கொடுக்க வைத்திருந்த சட்டையின் அதே நீலத்தில் ஒரு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதுகூட எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"இந்த போனை எங்க வாங்கினீங்க?"

டீயைக் கீழே வைத்தார். காது மடல் சிவந்துவிட்டது. "எதுக்குக் கேக்கற?"

"எந்தக் கடை?"

"ஞாபகமில்ல."

"ஒரு மாசத்துக்குள்ள மறந்துருச்சா?"

"வாணி, அந்த போனைப் பத்தி மட்டும் எங்கிட்ட எதும் கேக்காத. கல்யாணத்துக்கப்புறம் நானே சொல்றேன்."

கல்யாணத்துக்கப்புறம்! "உள்ள என்ன போட்டு வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"உள்ளயா? உள்ள என்ன?" முகத்தில் ஒன்றுமே தெரியாதவர் மாதிரி ஒரு திகைப்பு. பட்டறைக்காரருக்கு நடிப்பும் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

"நான் கிராஸ்கட் ரோடு போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாமா சொன்னாரு."

"பொய். அப்பாவுக்கே நான் சொல்லல."

அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அதற்கு மேல் என்ன வேண்டும்? மாட்டிக்கொண்ட ஆள் என் அப்பாவை இழுக்கிறார். நிச்சய மோதிரத்தைக் கழற்றி, அவர் தொடாத தேங்காய் பன் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பின்னாலேயே "வாணி, வாணி" என்று கூப்பிட்டார். பில் கொடுக்கவில்லையே என்று கடைக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

வடவள்ளியில் அப்பா நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஆரெஸ்புரத்துல வேலை முடிஞ்சுதா?" என்றார். ஆமாம் என்று ஸ்கூட்டரில் ஏறி, அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டில் சொன்னேன். "நிச்சயத்துக்குக் குடுத்த போன்ல வேவு பாக்கற ஆப்பைப் போட்டுக் குடுத்திருக்காரு. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைப் பார்த்து அழவில்லை, அப்பாவைப் பார்த்து அழுதாள். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"மாப்பிள்ளை அப்படிப்பட்டவரு இல்லம்மணி" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்." தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "அதை எடுத்துரலாமில்ல? எடுத்துட்டா முடிஞ்சுதில்ல?" என்றார்.

"எடுக்க மாட்டேன். சித்தப்பா, மாமன் எல்லாரையும் உட்கார வெச்சு, அவுங்க முன்னாடி காட்டணும். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

அப்பா எழுந்து, தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கக் கொல்லைப்புறம் போனார். மோட்டார் போடவே இல்லை. எப்படிப்பட்ட வெள்ளந்தி மனுசன்! மகளுக்கு இவ்வளவு பெரிய அநியாயம் நடந்தும் எதிராளி மேல் ஒரு சொல் வரவில்லை. எனக்கு வாய்த்த அப்பா மாதிரி யாருக்கும் வாய்க்காது.

ஜூன் 18, புதன்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, வரிசையாகவே எழுதுகிறேன்.

நேற்று மதியம் பாலக்காட்டுக் கிளைக்குப் புதுக் கருவிகள் அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் நிரலைப் போட்டு அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். என் போன் பவர் பேங்க் மாட்டியபடி மேஜையில் கிடந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சத்தத்தை அணைத்துப் பெட்டியின் ஓரத்தில், கண்ணுக்குப் படாமல் செருகினேன். வேன் ஓட்டும் சாதிக் அண்ணன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கிளம்பும் நேரத்தில்தான் போன் ஞாபகம் வந்தது. போகட்டும், நாளைக்கு வேனிலேயே திரும்பி வரும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் கைப்பை இலேசாக இருந்தது, மனசும்தான்.

வடவள்ளியில் இறங்கினால் அப்பா இல்லை. நிச்சயத்துக்குப் பிறகு அப்படி ஆனதே இல்லை. அவரும் ஒருநாள் தப்பலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டு வாசலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா அவள் தோளைப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் அம்மா அலறினாள். சந்தோஷத்தில் அலறவில்லை. செத்தவள் நடந்து வருவதைப் பார்த்த அலறல்.

"ஏனம்மணி, நீ எப்படி இங்க? நீ வாளையார் தாண்டிட்டியேடி!"

"நானா? நான் எதுக்குக் கேரளா பார்டர் போறேன்?"

"அப்பா போன்ல பாத்தாரே! புள்ளி போய்ட்டே இருந்துச்சே! கல்யாணம் நின்னுபோச்சுன்னு நீ எங்கயோ போய் எதையோ பண்ணிக்கப் போறேன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பொத்திக்கொண்ட அதே மாதிரி.

ராசாத்தி அக்கா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. அம்மாவின் வாய் முந்தானைக்குப் பின்னால் அசைந்துகொண்டிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்தேன். அப்பா பிரேக் பிடிப்பது, பவர் பேங்க், ஆரெஸ்புரம். "மாமா சொன்னாரு." எல்லாம் என் கண் எதிரில்தான் நடந்தது. ஊராரின் கருவிகளை விசாரிக்கிற நிரல் எழுதுகிறவள் நான், வீட்டுக்குள் இருந்ததைப் பார்க்கவில்லை.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் கண்ணு" என்றாள்.

அம்மா தன் போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். "ஊட்டுக்கு வந்துட்டாளுங்க... ஆமாங்க, இங்கதான் உட்கார்ந்திருக்கறா." அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண்பிள்ளை விம்மி அழும் சத்தம் கேட்டது. அப்பா அழுது நான் கேட்டதில்லை.

அவர்கள் வந்தபோது விளக்கு வைத்திருந்தோம். அவர்கள் என்று எழுதுகிறேன், ஏனென்றால் சங்கரின் காரில்தான் அப்பா வந்தார். ஸ்கூட்டரில் எட்டிமடை வரைக்கும் போனவர், எட்ட முடியாமல் சங்கரைக் கூப்பிட்டிருக்கிறார். "பொண்ணு வாளையார் தாண்டிட்டா மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மோதிரத்தைத் திருப்பி வாங்கியிருந்த மனுசன் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். கஞ்சிக்கோட்டுப் பக்கம் டீக்கு நின்று கிளம்பிய வேனை மறித்து, "என்ற பொண்ணு எங்கடா?" என்று அப்பா சாதிக் அண்ணன் சட்டையைப் பிடித்துவிட்டாராம். பாவம், அவர் பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறார். உள்ளே என் போன்.

அதை அப்பா கையில் கொண்டுவந்திருந்தார். என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"நீங்கதானா?" என்றேன்.

"உன்ற மேல சந்தேகமில்ல சாமி. சத்தியமா இல்ல. என்ற கூட மில்லுல இருந்தானே நாச்சிமுத்து, அவன் பொண்ணு நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல காணாமப் போச்சு. அவன் நெலமையப் பாத்தவன் நான். இந்த நடுவுல இருக்கற நாள்தான் பயம். போன் கடையில சொன்னேன், பொண்ணுக்கு வாங்கறவங்க நெறையப் பேரு போட்டுக்கறாங்கன்னு அந்தப் பையனே போட்டுக் குடுத்தான்."

"போன் கடையிலயா? போன் அவரு வீட்ல வாங்குனதில்லையா?"

சங்கர்தான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "எங்கூட்ல போன் வெக்கற பழக்கமில்ல வாணி. அம்மா அதெல்லாம் எதுக்குன்னுட்டாங்க. உன்ற சித்தி பேசுவாங்கன்னு மாமாவே வாங்கி, நிச்சயத்தன்னைக்குக் காலைல எங்கிட்டக் குடுத்தாரு. நாங்க குடுத்ததா இருக்கட்டும், கல்யாணம் முடியற வரைக்கும் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாரு. பேக்கரில நீ கேட்டப்ப எனக்கு மானமே போச்சு. குடுக்காத போனைக் குடுத்தவன்னு பேர் வாங்கிட்டு உக்காந்திருந்தேன். உள்ள இருந்தது எனக்குத் தெரியாது."

அப்போ பேக்கரியில் சிவந்த காது இதற்கா! நான் ஒரு முகத்தை எவ்வளவு சரியாகப் படித்தேன், எவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டேன். சித்தியின் முகத்தை ரசித்த பாவம் வேறு. அவமானத்தில் சிரிப்பு வந்தது, சிரித்தால் நிறுத்த முடியாது என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் அப்பா அதைச் செய்தார். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

தன்னுடைய போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். புள்ளி காட்டும் திரையைத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்துச் சங்கரிடம் நீட்டினார். சீர் கொடுக்கும்போது பிடிக்கிற மாதிரி.

"தாரை வாத்துக் குடுக்கறன்னைக்கு இதையும் உங்க கையில ஒப்படைச்சிரலாம்னுதான் இருந்தேன் மாப்பிள்ளை. அதோட என்ற பொறுப்பு முடிஞ்சுது. இனி நீங்க பாத்துக்கங்க. இப்பவே வாங்கிக்கங்க."

என்னை. ஒரு திரையில் வைத்து என்னை நீட்டினார். நான் அங்கேதான் நின்றேன்.

சங்கர் அந்தத் திரையைப் பார்த்தார். நான் சங்கரைப் பார்த்தேன். அவர் விரல்கள் முழங்கால் மேல் இருந்தன. அவை இலேசாக எழும்பின. பிறகு திரும்பவும் முழங்கால் மேலேயே இறங்கின.

"எனக்கு வேண்டாங்க மாமா" என்றார்.

"பாத்தியா? தங்கமான புள்ள!" என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அவளுக்கு வார்த்தை மட்டும் போதும். நான் விரல்களைப் பார்த்திருந்தேன்.

வாசல் கேட் வரைக்கும் சங்கர் பின்னால் போனேன். "உடனே ஏன் வேண்டாங்கல?" என்றேன்.

கார்ச் சாவியை உருட்டிக்கொண்டே நின்றார். இல்லவே இல்லை என்பார், நீ தப்பாகப் பார்த்துவிட்டாய் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு நிமிசம் ஆசையா இருந்துச்சு வாணி. நீ எங்க இருக்கற, எங்கிட்டக் கோவமா இருக்கறப்ப என்ன பண்றேன்னு தெரிஞ்சுக்கலாமேன்னு. அப்புறம் எனக்கே அசிங்கமாப் போச்சு. இல்லைன்னு சொன்னா அதுவும் பொய்தான்."

உள்ளே வந்துவிட்டேன். இந்த போன் விஷயத்தில் நான் கேட்ட கேள்விக்கு நேராக வந்த ஒரே பதில் அதுதான். அதைக் கேட்டு ஏன் நிம்மதி வரவில்லை, ஏன் வெறுப்பும் வரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஆபீஸ் போனேன். சாதிக் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பொண்ணப் பெத்தவங்கதானே, விடும்மா" என்றார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

பாலக்காட்டுக்குப் போன கருவிகள் தகவல் அனுப்ப ஆரம்பித்திருக்கின்றன. நான் எழுதிய நிரல் பிழையே இல்லாமல் ஓடுகிறது. வரைபடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண். ஒரு புள்ளி ஒரு தெருவில் வெகுநேரம் நின்றிருந்தது. அவள் வீடாக இருக்கலாம். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கலாம். இதை எழுதிய அன்றைக்கு, வேலை சுவாரசியமாக இருக்கிறது என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மேடத்திடம் போனேன். "கருவி என்னென்ன அனுப்புதுன்னு முதல் திரையிலேயே தமிழ்லயும் மலையாளத்துலயும் சொல்லணும் மேடம். வேலை நேரம் முடிஞ்சா இடம் அனுப்பறது தானா நிக்கணும். மத்தச் செயலிகளோட விவரம் நமக்கு வேண்டாம்."

"சொன்னா ஆஃப் பண்ணிடுவாங்கன்னு அன்னைக்கே சொன்னேனே."

"பண்ணட்டும். கேட்டுட்டு எடுத்தா அது தகவல் மேடம். கேக்காம எடுத்தா அதுக்கு வேற பேரு."

மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "என்னாச்சு வாணி?" என்றார். நிலையத்தின் போன் நம்பரைக் கேட்டேன். "நிலையத்துக்காரங்ககிட்ட நீயே பேசு. ஒத்துக்கலைன்னா எங்கிட்ட வந்து அழாத" என்றார். பேசப் போகிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

போனை முழுசாக அழித்து, பெட்டியில் போட்டு அப்பாவின் கட்டில் மேல் வைத்தேன். என் பழைய போனே போதும்.

சங்கர் வீட்டில் பேசி, கல்யாணத்தைத் தைக்குத் தள்ளியிருக்கிறோம். மோதிரம் அவரிடமே இருக்கிறது. "நீ கேக்கறப்பத் தர்றேன்" என்றார். நீலச் சட்டை என் பீரோவில் இருக்கிறது. அதுவும் அப்படித்தான்.

அப்பாவோடு பேச்சில்லை. காலையில் டீயை வைத்துவிட்டுப் போகிறார், நான் குடித்துவிட்டுப் போகிறேன்.

ஜூலை 9, புதன்

நிலையத்துக்காரர்கள் முதல் திரைக்கு ஒத்துக்கொண்டார்கள். மற்றது இழுபறியில் இருக்கிறது.

பேசி முடிய நேரமாகிவிட்டது. லாலி ரோடு தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. வழக்கமான பஸ்ஸையும் அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை.

வடவள்ளியில் இறங்கினேன். ஸ்கூட்டர் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. சீட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. அப்பா எதிர்க்கடைத் தாழ்வாரத்தில்கூட ஒதுங்காமல் ரோட்டோரத்தில் நின்றபடி, வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸின் படியையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு குடை, மடித்தபடி. எனக்குக் கொண்டுவந்த குடை.

"எப்ப வந்தீங்க?" என்றேன். மூன்று வாரத்தில் நான் பேசிய முதல் பேச்சு.

"இப்பதான் வந்தேன் கண்ணு" என்றார். குடையை நீட்டினார். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துப்போயிருந்தது.

இந்த மனுசன் புள்ளியைப் பார்த்து வந்து நின்றபோது ஒருநாளும் நனைந்ததில்லை. அதையும் அன்று பாசம் என்றுதான் நினைத்தேன்.

நான் ஸ்கூட்டரில் ஏறவில்லை. குடையைப் பிரித்துக்கொண்டு நடந்தேன். அவரும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். வீட்டுக் கேட்டில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.

"நாளைக்கும் லேட்டாகும். கிளம்பறப்ப நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் வர வேண்டாம்."

"சரியம்மணி" என்றார்.

எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கவில்லை.